அகிஹபாராவுக்குக் கிழக்கே ஒரு பேட்டை

அகிஹபாரா என்று சொன்னதுமே உங்களில் பலருக்கு மின்னும் விளம்பரப் பலகைகளும் எலக்ட்ரானிக்ஸ் கடைகளும் கார்ட்டூன் பொம்மைகளும் ஞாபகத்துக்கு வந்திருக்கும். டோக்கியோ போய்வந்த சொந்தக்காரர்கள் படம் எடுத்து அனுப்பியிருப்பார்கள். அதனால் அந்தப் பக்கம் இன்றைக்கு நாம் போக வேண்டாம். ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கத்தில் ஷோவா-தோரி வாசல் என்று ஒன்று இருக்கிறது. அந்த வழியாக வெளியே வாருங்கள். தலைக்கு மேலே விரைவுச்சாலை போகிற ஓர் அகலமான தெரு குறுக்கே வரும். அதைத் தாண்டினால் போதும், சந்தடி குறைந்துவிடும். சைக்கிளில் பிள்ளையை உட்காரவைத்துப் போகும் அம்மாக்கள், சின்னச் சின்ன அலுவலகங்கள், ஒரு பெரிய மருத்துவமனை. கண்டா இசுமிச்சோ, கண்டா சாகுமாச்சோ என்று இரண்டு பேட்டைகள். டோக்கியோவில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

நான் பல வருஷமாக டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், நிஷி-கசாயில் குடியிருக்கிறேன். நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ரயிலுக்கு வரிசையில் நிற்கிறார்களே, குப்பையைத் தரம் பிரித்துப் போடுகிறார்களே, ஒழுங்கு இவர்கள் ரத்தத்திலேயே ஊறினதா? வாயால் பதில் சொல்வதைவிட இந்தப் பேட்டைக்குக் கூட்டி வருவது எனக்குச் சுலபம். இங்கே சாகுமா பூங்கா என்று ஒரு சின்னப் பூங்கா உண்டு. உங்களுக்குக் காட்ட நினைத்தது அதைத்தான். போகிற வழியில் இசுமி பூங்கா வரும். பக்கத்திலேயே ஆரம்பப் பள்ளி, பிள்ளைகள் கூச்சல். அங்கே ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் தாண்ட முடியாது.

அந்தக் கல்லின் கதைக்கு நெருப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். பழைய எடோ நகரம், அதாவது அந்நாள் டோக்கியோ, மர வீடுகளும் காகிதக் கதவுகளுமாக நெருக்கிக் கட்டின ஊர். குளிர்காலத்தில் காய்ந்த காற்று வீசும்போது ஒரு பொறி விழுந்தால் தெருத்தெருவாகப் போய்விடும். 1829இல் இந்த சாகுமாச்சோவில் பிடித்த தீ நிஹோன்பாஷி, கியோபாஷி பக்கமெல்லாம் தின்றுகொண்டு போனது. 1869இல் மறுபடி ஒரு பெரிய தீ. அதற்கப்புறம் எரிந்த இடத்தில் வீடு கட்ட விடாமல், தீ தாண்டி வராதபடி திடலாகவே போட்டுவிட்டார்கள். தீயிலிருந்து காக்கும் சாமிக்கு அங்கே ஒரு கோயிலும் வைத்தார்கள். 1890இல் அந்தத் திடலில் சரக்கு ரயில் நிலையம் வந்தது. இன்றைக்கு உலகமே வந்து வேடிக்கை பார்க்கிற அகிஹபாரா, நெருப்புக்குப் பயந்து காலியாக விட்ட மனைதான்!

இப்போது 1923, செப்டம்பர் 1. மதியம் 12 மணி அடிக்க இரண்டே நிமிஷம். வீட்டுக்கு வீடு அடுப்பு எரிகிற நேரம். பூமி குலுங்கியது. நிலநடுக்கத்தில் இடிந்ததைவிட அதற்கப்புறம் எரிந்ததுதான் அதிகம். இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேலே. சுமிதா ஆற்றுக்கு அந்தப் பக்கம், ராணுவ உடைக் கிடங்கு இருந்த காலித் திடலுக்கு, இங்கே நெருப்பு வராது என்று நம்பி மூட்டை முடிச்சோடு ஓடியவர்கள் சுமார் 38,000 பேர் அங்கேயே வெந்து போனார்கள். இந்தக் கல் இருக்கிற இடத்திலிருந்து அது நடந்துபோகிற தூரம்தான்.

இசுமிச்சோ, சாகுமாச்சோ மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓடவில்லை. தண்ணீர்க் குழாய்கள் உடைந்து கிடந்தன. தீயணைப்பு வண்டி வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. கிணற்றிலும் வாய்க்காலிலும் மொண்டு, வரிசையாக நின்று, வாளியைக் கைக்குக் கை மாற்றினார்கள். ஒரு பக்கத்தை அணைத்தால் இன்னொரு பக்கம் தீ வந்தது. பேட்டைக்குள் பம்ப் கம்பெனி ஒன்று இருந்தது. அங்கிருந்த மோட்டார் பம்பை வெளியே இழுத்து வந்து ஓட்டினார்கள். செப்டம்பர் 1 மதியம் ஆரம்பித்த போராட்டம் மறுநாள் இரவும் ஓயவில்லை. சுற்றிலும் கண்ணுக்கு எட்டியவரை சாம்பல், நடுவில் ஏறத்தாழ 1,600 வீடுகள் தப்பி நின்றன. அதற்கு ஏறத்தாழ நூறு வருஷத்துக்கு முன் எந்தப் பேட்டையில் தீ பிடித்து ஊரைக் கொளுத்தியதோ, அதே பேட்டைதான் தீயை நிறுத்தியது. கல்லில் இருப்பது இந்தக் கதைதான். 1968இல் நட்டிருக்கிறார்கள்.

நேயர்களே, இதை இங்கேயே நிறுத்தினால் கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் இந்த நாட்டில் அயலானாகக் குடியிருக்கிறவன் நான். பாதிக் கதையோடு விட எனக்கு மனசு வராது. அதே நாட்களில், இதே நகரத்தில், கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று ஒரு வதந்தி பரவியது. அப்போது ஜப்பானில் வானொலி கிடையாது; டோக்கியோவில் ஒலிபரப்பு தொடங்கியதே 1925 மார்ச்சில்தான். காதோடு காதாகப் போன பொய்யை மறுக்க ஒரு குரல் இல்லை. அதிகாரிகளில் சிலரே அதைப் பரப்பவும் செய்தார்கள். தெருவுக்குத் தெரு காவல் குழு அமைத்து, உச்சரிப்பு சரியில்லாதவர்களை நிறுத்திவைத்து அடித்துக் கொன்றார்கள். ஆயிரக்கணக்கான கொரியர்கள் செத்தார்கள். சீனர்களும் செத்தார்கள். அந்த உடைக் கிடங்குத் திடல் இருந்த இடம் இப்போது யோகோஅமிச்சோ பூங்கா. கொரியர்களுக்கான நினைவுக்கல் ஒன்றை 1973இல் அங்கே வைத்தார்கள். செப்டம்பர் 1ஆம் தேதி அங்கே அஞ்சலி நடக்கும், நானும் போய் நிற்பேன்.

வாளி வரிசையும் அண்டை வீட்டார் கூடினதுதான், தடி ஏந்திய காவல் குழுவும் அண்டை வீட்டார் கூடினதுதான். ரத்தத்தில் ஊறின ஒழுங்கு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். கூடி நிற்கப் பழகுகிறார்கள். எதற்காகக் கூடுகிறார்கள், யாரைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சாகுமா பூங்காவுக்கு இப்போதாவது போவோம். தெற்கே கொஞ்ச தூரம். ஊஞ்சல், சறுக்குமரம், நாலு மரம், ஒரு கோயில். அங்கே இன்னொரு கல். வானொலி உடற்பயிற்சிக் கூட்டம் பிறந்த இடம் என்று அதில் எழுதியிருக்கும்.

ராஜியோ தைசோ என்பார்கள். அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்று வானொலியில் உடற்பயிற்சி நடத்துவதைப் பார்த்து, ஜப்பான் தபால் துறையின் காப்பீட்டுப் பிரிவு கொண்டுவந்த யோசனை. 1928 நவம்பர் 1ஆம் தேதி ஒலிபரப்பு ஆரம்பித்தது. முதலில் அவரவர் வீட்டில்தான் செய்தார்கள். 1930 கோடையில் இந்தப் பகுதிப் போலீஸ்காரர் ஒருவர் பள்ளி விடுமுறையில் இருந்த பிள்ளைகளைக் காலையில் எழுப்பி, இந்த இடத்தில் ஒன்றாகச் சேர்த்துச் செய்யவைத்தார். நாடு முழுக்க அது பரவியது. போர்க்காலத்தில் அதையும் படைப் பயிற்சி மாதிரி ஆக்கிவிட்டார்கள். அதனாலேயே போரில் தோற்ற பிறகு, நேச நாடுகளின் ஆக்கிரமிப்புப் படை இருந்த காலத்தில், 1947இல் அது நின்றது. இப்போது நாம் கேட்கிற பியானோ இசையும் அசைவுகளும் 1951இல் வந்தவை.

நிஷி-கசாயில் எங்கள் பேட்டைப் பூங்காவில் காலை ஆறரைக்கு முந்தியே ஒரு பாட்டி வந்துவிடுவார். கையடக்க ரேடியோவைப் பெஞ்சின் மேல் வைத்து, ஆன்டெனாவை நீட்டி, தெருப் பக்கம் திருப்பிவைப்பார். என்எச்கே வானொலி. பியானோ தொடங்கியதும் எல்லோரும் கையை மேலே தூக்கி உடம்பை நீட்டுவார்கள். முதல் பயிற்சியில் 13 அசைவுகள், கடைசியில் மூச்சை இழுத்து விடுவது. குதிக்க முடியாதவர்கள் நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்குவார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகள் கழுத்தில் கயிறு கட்டி அட்டை மாட்டிக்கொண்டு வருவார்கள். முடிந்ததும் பாட்டி முன்னால் வரிசை. அன்றைய கட்டத்தில் ஒரு முத்திரை குத்துவார். போன கோடையில் எங்கள் வரிசையில் நேபாளப் பையன் ஒருவன், ஆந்திரத்துப் பெண் ஒருத்தி, என் பேத்தி. பாட்டிக்கு எல்லார் பேரும் தெரியும். ரயில் வரிசையைப் பார்த்து வியக்கிறவர்கள் முதலில் இந்த முத்திரை வரிசையைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பசிக்கிறதா? அகிஹபாராவுக்குத் திரும்பி, மன்செய் பாலத்தைத் தாண்டி, கண்டா ஆற்றுக்கு அக்கரை போனால் கண்டா யாபு சொபா. 1880இல் தொடங்கிய கடை, பக்வீட் என்கிற விதையின் மாவில் செய்த நூடுல்ஸ். நிலநடுக்கத்துக்குப் பின் எழுப்பின மரக் கட்டடம் 2013 பிப்ரவரியில் தீப்பிடித்தது. மறு வருஷம் அக்டோபரில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். ஆர்டர் கொடுத்தால் அதைக் கடையில் இருக்கும் அம்மா ராகம் இழுத்து அடுக்களைக்குச் சொல்வதைக் கேட்கவே போகலாம். ஒரு விஷயம், சைவக்காரர்கள் கவனிக்க வேண்டும்: தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன் உண்டு.

டோக்கியோவுக்கு வருகிறவர்கள் ஒரு நாள் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் எழுந்துகொள்ளுங்கள். தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எந்தப் பூங்காவில் ராஜியோ தைசோ நடக்கிறது என்று முதல் நாளே விசாரித்துவையுங்கள். ஆறரைக்குத் தொடங்கி ஆறு நாற்பதுக்கு முடிந்துவிடும். கட்டணம் இல்லை, பேர் கொடுக்க வேண்டியதில்லை. பின்வரிசையில் நின்று, முன்னால் இருப்பவர் செய்வதைப் பார்த்துச் செய்தால் போதும்.