கம்பிவழி வந்த விளையாட்டு



ஒலிபரப்பு என்பது ஒரு விந்தையான கொடை. கொடுப்பவனுக்குப் பெறுபவன் இன்னான் என்று தெரியாது. பெறுபவனோ, கேட்டு முடிந்த பின்னர் கையில் எதனையும் வைத்துக்கொள்வதில்லை. யான் இப்பொழுது பேசுகின்ற சொற்களும் அத்தகையனவே. உங்கள் வானொலிப் பெட்டியை வந்தடைந்து, செவியிற் புகுந்து, அடுத்த சொல்லுக்கு இடம் விட்டு மறைகின்றன. பேச்சையும் பாட்டையும் இவ்வாறு பரப்பலாம் என்பதை நாம் நன்கு அறிவோம். ஆனால், விளையாட்டையும் இவ்வாறே வீடுதோறும் அனுப்பலாம் என்று எண்ணிச் செய்தும் காட்டிய சிலருடைய வரலாறு பலரும் அறியாதது. அதனையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

1970 களின் பிற்பகுதியில் அமெரிக்க இல்லங்களிலே தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடும் யந்திரங்கள் புகுந்தன. யந்திரம் ஒன்றுதான், விளையாட்டுகளோ பல. ஒவ்வொரு விளையாட்டும் கார்ட்றிட்ஜ் எனப்படும் சிறு பேழையொன்றில் அடைக்கப்பட்டுக் கடைகளிலே விற்கப்பட்டது. பேழையைச் செருகினால் விளையாடலாம். சலித்துவிட்டால் வேறொன்றை வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தந்தை பணப்பையைத் திறந்தாக வேண்டும். பேழையினுள்ளே இருப்பது எண்களாக எழுதப்பட்ட கட்டளைத் தொகுதியே அன்றி வேறன்று. அக்கட்டளைகளைக் கம்பிவழியே அனுப்ப இயலுமாயின், பேழை எதற்கு, கடைதான் எதற்கு? இவ்வினாவிலிருந்தே நமது கதை தொடங்குகின்றது.

முதலில் விடை காண முயன்றது மற்றெல் என்னும் விளையாட்டுப் பொருட் கொம்பனி. ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்னும் மின்னியல் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, 1980 களின் தொடக்கத்தில் 'பிளேகேபிள்' என்னும் சேவையை அது நடத்தியது. இன்டெலிவிஷன் யந்திரம் வைத்திருந்தோர் மாதச் சந்தா செலுத்தினால், தொலைக்காட்சிப் படங்களைக் கொணரும் அதே வடத்தின் வழியாக விளையாட்டுகளும் வந்து சேரும். ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆயினும், வீட்டில் வைத்த இணைப்புப் பெட்டியின் நினைவகம் சிறியது. நாளடைவில் விளையாட்டுகள் பெருத்தன, பெட்டியோ பெருக்கவில்லை. புதியனவற்றுட் பல அதனுள் அடங்காமற்போகவே, சில ஆண்டுகளுள் சேவை ஓய்ந்தது.

இரண்டாவது முயற்சி ஒரு தனி மனிதரின் துணிவிலிருந்து பிறந்தது. வில்லியம் வொன் மைஸ்டர் என்பவர் புதுமைகளைக் கனவு காண்பதிலே வல்லவர். அவற்றைக் கட்டிக் காப்பதிலே அத்துணை வல்லவரல்லர். இசைத்தட்டுகளுக்குப் பதிலாக இசையையே செய்மதி வழியாகவும் வடத்தின் வழியாகவும் வீடுகளுக்கு அனுப்புவதென அவர் திட்டமிட்டார். இசைத்தட்டு வியாபாரிகளின் சினத்துக்கு அஞ்சி, துணை நிற்க இருந்த வோணர் நிறுவனம் பின்வாங்கியது. இசை அகன்ற இடத்தில் அவர் விளையாட்டை வைத்தார். 1983 இல் அவருடைய கொம்பனி 'கேம்லைன்' என்னும் சேவையைத் தொடங்கியது. அட்டாரி யந்திரத்தில் ஒரு தனிப் பேழையைச் செருகி, அதனைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்தால், அப்பேழை தானே தொலைபேசியை அழைத்து வேண்டிய விளையாட்டை இறக்கிக்கொள்ளும். உறுப்பினர் கட்டணம் ஒருமுறை. அதன்பின் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஏறக்குறைய ஒரு டொலர்.

பெயர்பெற்ற விளையாட்டுகளை ஆக்கிய பெரிய கொம்பனிகள் தம் சரக்கை இவருக்குக் கொடுக்க இசையவில்லை. அத்துடன் அவ்வாண்டே அமெரிக்க விளையாட்டு வணிகம் முழுவதும் சரிந்து விழுந்தது. கடைகளிலே விலைபோகாத பேழைகள் மலையெனக் குவிந்து மலிவாக விற்கப்பட்டபோது, ஒரு டொலர் கொடுத்துச் சிறிது நேரத்துக்கு இரவல் வாங்குவோர் யார்? கேம்லைன் மறைந்தது. ஆயினும், அதன் சாம்பலில் எஞ்சிய சிலர், அவர்களுள் ஸ்டீவ் கேஸ் என்னும் இளைஞரும் ஒருவர், 1985 இல் குவாண்டம் என்னும் புதிய கொம்பனியை அமைத்தனர். அதுவே 1991 இல் 'அமெரிக்கா ஒன்லைன்' என்று பெயர் மாறி, இலட்சக்கணக்கான அமெரிக்கரை இணையத்துக்கு அழைத்துச் சென்றது.

இனி, இம்முயற்சிகளுள் மிகவும் வெற்றி கண்டதாகிய 'செகா சானல்' என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். யப்பானியக் கொம்பனியாகிய செகாவின் அமெரிக்கக் கிளை, டைம் வோணர், டி.சி.ஐ. என்னும் இரு பெரும் வடத் தொலைக்காட்சி நிறுவனங்களோடு சேர்ந்து, 1994 டிசம்பரில் இதனை நாடளாவிய சேவையாகத் தொடங்கியது. செகாவின் ஜெனிசிஸ் யந்திரத்துக்கு அந்நாளில் ஒரு புதிய பேழை 50, 60 டொலர் வரை விலைபோயிற்று. செகா சானலின் மாதச் சந்தாவோ ஏறக்குறைய 15 டொலர். அத்தொகைக்கு மாதந்தோறும் 50 விளையாட்டுகள் வரை கிடைத்தன. ஒரு பேழைக்குப் பணம் சேர்க்கப் பல மாதம் காத்திருந்த எளிய வீட்டுப் பிள்ளைக்கு இது புதையலன்றி வேறென்ன?

இது நடந்த முறை வானொலி நேயர்களுக்கு எளிதில் விளங்கும். ஒவ்வொரு மாதத்துக்கும் உரிய விளையாட்டுகள் ஒரு தொகுப்பாக ஆக்கப்படும். அத்தொகுப்பு கொலராடோ மாநிலத்து டென்வர் நகரிலிருந்த நிலையத்திலிருந்து செய்மதிக்கு ஏற்றப்படும். செய்மதி அதனை ஊர்தோறுமுள்ள வட நிலையங்களுக்கு இறக்கும். அவை வீடுகளுக்கு அனுப்பும். வீட்டிலுள்ள பெட்டி நிலையத்தை நோக்கி ஒன்றும் கேட்பதில்லை. கேட்கவும் அதனால் இயலாது. விளையாட்டுகள் எல்லாம் இராட்டினம்போல ஓயாது சுழன்று வந்துகொண்டிருக்கும். பிள்ளை ஒன்றைத் தேர்ந்ததும், அது தன் வாயிலுக்கு வரும்வரை பெட்டி காத்திருந்து, வந்ததும் பற்றித் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். சில நிமிடங்களில் விளையாட்டு ஆயத்தம். நினைவகத்தின் அளவு 4 மெகாபைட். அதனுள் அடங்காத பெரிய விளையாட்டுகளைக் கூறுபோட்டு அனுப்ப நேர்ந்தது. யந்திரத்தை அணைத்தாலோ நினைவகம் வெறுமையாகிவிடும். மறுநாள் விளையாட மறுபடியும் இறக்க வேண்டும். மாதம் முடிந்து பட்டியல் மாறிவிட்டால், நேற்றைய தோழன் இன்று இல்லை.

இச்சேவையால் எதிர்பாராத நன்மையொன்றும் விளைந்தது. தொலைக்காட்சிப் படத்தில் சிறிது இரைச்சல் கலந்தாலும் கண் பொறுத்துக்கொள்ளும். கட்டளைத் தொகுதியில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் விளையாட்டு நின்றுவிடும். ஆகவே வட நிலையத்தார் தம் கம்பிகளைத் துப்புரவாக்கி, இரைச்சலைக் களைய வேண்டியவராயினர். பின்னர் அதே வடங்களின் வழியே விரைவான இணையம் வீடுகளுக்கு வந்தபோது, அவ்வுழைப்பு வீண்போகவில்லை.

உச்சநிலையில் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் வீடுகள் செகா சானலுக்குச் சந்தா செலுத்தின. ஆனால், அது தொடங்கிய காலம் நல்ல காலமன்று. 1995 இல் செகாவே சற்றேர்ன் என்னும் புதிய யந்திரத்தை அமெரிக்காவில் வெளியிட்டது. சோனியின் பிளேஸ்டேஷனும் அவ்வாண்டே அங்கு வந்தது. பிள்ளைகளின் நாட்டம் புதியவற்றின்பாற் சென்றது. பழைய யந்திரத்தையே நம்பி நின்ற சேவை மெல்ல மெலிந்து, 1998 யூலை 31 ஆந் திகதி நிறுத்தப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2001 இல், கேம்லைனின் வழித்தோன்றலாகிய அமெரிக்கா ஒன்லைனும், செகா சானலின் பங்காளியாகிய டைம் வோணரும் ஒரே நிறுவனமாக இணைந்தன. விளையாட்டைக் கம்பிவழி அனுப்ப முயன்ற இரு குடும்பங்கள் இவ்வாறு சம்பந்திகளாயின. அச்சம்பந்தமும் நெடுநாள் நீடிக்கவில்லை. 2009 இல் பிரிந்தன.

இவ்வரலாற்றிலே நாம் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. பல்ஸ்மன் என்னும் விளையாட்டு யப்பானிலே பேழையாக விற்கப்பட்டது. அமெரிக்காவிலோ அக்காலத்தில் அது செகா சானல் வழியாக மட்டுமே கிடைத்தது. மெகாமன் வரிசையைச் சேர்ந்த 'வைலி வோர்ஸ்' என்னும் விளையாட்டுக்கும் அங்கே அதே நிலைதான். அவற்றை விரும்பி ஆடிய அமெரிக்கப் பிள்ளை, அலமாரியைத் திறந்து இதோ என்னுடையது என்று காட்ட ஒரு பேழையும் இல்லை. சேவை நின்ற நாளில் அவன் கையிலே எஞ்சியது வெறும் பெட்டி. மாதந்தோறும் செலுத்திய பணம் விளையாட்டுக்கு உரியதேயன்றி உடைமைக்கு உரியதன்று என்பதை அன்றுதான் அவன் உணர்ந்திருப்பான்.

இது முடிந்துபோன பழங்கதையன்று. 2017 இல் மைக்ரோசொப்ட் கொம்பனி தொடங்கிய 'கேம் பாஸ்' போன்ற சேவைகள் அதே மாதச் சந்தா முறையையே பெரிய அளவில் மேற்கொண்டன. இசையும் திரைப்படமும் நூலும்கூட இன்று அவ்வழியே நமக்கு வருகின்றன. அமெரிக்காவில் 2010 க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 13 மட்டுமே இன்னும் விற்பனையில் உள்ளன என்று, வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவனம் 2023 இல் வெளியிட்ட ஆய்வு கூறிற்று.

இதனாற் சந்தா முறை தீது என்று யான் கூறவில்லை. வாங்க வசதியற்றவனுக்கும் விருந்தில் இடமளித்தது அம்முறையே. நூல் நிலையத்துக்கு நாம் செலுத்துவதும் சந்தாவே. ஆனால், நூல் நிலையத்திலே நாம் திருப்பிக் கொடுத்த புத்தகம் மீண்டும் தட்டில் ஏறுகின்றது. அடுத்த வாசகனுக்காகக் காத்திருக்கின்றது. கம்பிவழி வந்ததோ, அனுப்பியவர் நிறுத்தினால் எங்குமே இராது போய்விடலாம். அச்சிட்ட நூலின் பிரதியொன்றைச் சட்டப்படி காப்பகத்திற் சேர்க்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அத்தகைய ஒழுங்கு கம்பிவழி வருவனவற்றுக்கும் வேண்டும். விளையாட்டுத்தானே என்று இதனைத் தள்ளிவிடலாகாது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மாலைவேளைகளில் எதில் மகிழ்ந்தார்கள் என்பதும் வரலாறே. அதனை எழுதப் புகும் நாளைய ஆசிரியனுக்குச் சான்று வேண்டும் அல்லவா?

வானொலியில் ஒலித்து மறையும் பேச்சுகளையே தொகுத்து ஏட்டில் ஏற்றும் நாம், அப்பிள்ளைகளின் இழப்பை எளிதில் உணரக் கூடியவர்கள்.