மழைக்காகக் காத்திருக்கும் வண்டு



பெங்களூரில் சித்திரை, வைகாசி மாதங்களில் இடியுடன் ஒரு மழை பெய்து ஓய்ந்தால், அன்று மாலையே விளக்குகளைச் சுற்றிப் பழுப்பு நிற வண்டுகள் வந்து மொய்க்கின்றன. நகரத்தில் வாழும் நாம் அவற்றைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டு மறந்துவிடுகிறோம். நகருக்கு வெளியே கரும்பும் நிலக்கடலையும் மிளகாயும் பயிரிடும் உழவர் மறப்பதில்லை. அவ்வண்டின் குஞ்சுதான் பயிரின் வேரைத் தின்னும் வெள்ளை வேர்ப்புழு என்பதை அவர் அறிவார்.

கன்னட நாட்டார் இப்புழுவைக் 'கொண்ணெ ஹுளு' என்பர். இந்த வண்டினத்துள் தென்னாட்டில் பெருங்கேடு விளைப்பதற்கு அறிவியலார் இட்ட பெயர் ஹோலோட்ரைக்கியா செர்ராட்டா. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர்களை ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. ஆங்கிலேயர் புழுவின் நிறத்தை மட்டும் கண்டு பெயரிட்டனர். தமிழர் நிறத்தோடு அது உண்ணும் வேரையும் பெயருக்குள் வைத்தனர்.

மண்ணுக்குள் வாழும் இச்சிற்றுயிர் வானிலையோடு தன் வாழ்வை எவ்வளவு நுட்பமாகப் பொருத்திக் கொண்டிருக்கிறது என்பதைக் கவனிப்போம். ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான் இதற்கு. கோடை மழை மண்ணை நனைத்ததும் வண்டுகள் அந்தி வேளையில் வெளிப்பட்டு, அருகிலுள்ள மரங்களை நாடுகின்றன. பூச்சிகளுக்கு ஆகாது என்று நாம் போற்றும் வேப்பிலையே இவற்றுக்கு விருந்து. இரவெல்லாம் தழையை உண்டு, இணைசேர்ந்து, விடியுமுன் மண்ணுக்குள் மறைந்துவிடுகின்றன. பெண் வண்டு ஈரமண்ணில் முட்டையிடுகிறது. அம்முட்டை மண்ணின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்த பின்பே பொரிக்கும், ஈரமில்லையேல் அழிந்துபோகும். மழைக்கு முன் வெளிவந்து முட்டையிட்டால் வம்சம் விளங்காது. ஆகவே காத்திருப்பதையே அது இயல்பாகக் கொண்டுள்ளது.

பொரித்த புழு முதலில் மண்ணிலுள்ள மட்கிய பொருள்களையும் இளவேர்களையும் உண்கிறது. இருமுறை தோலுரித்து மூன்றாம் பருவம் அடையும்போது பசி மிகுந்து, ஆணிவேரையே அறுத்துவிடுகிறது. பின்னர் மழைக்காலம் முடிந்து மேல்மண் உலரத் தொடங்கினால், ஈரத்தைத் தேடி ஆழத்துக்கு இறங்கி, அங்கே ஓர் அறை அமைத்துக் கூட்டுப்புழுவாகிறது. கார்த்திகை, மார்கழி வாக்கில் வண்டாக மாறியும் வெளியே வருவதில்லை. உணவின்றி, அசைவின்றி, அடுத்த கோடை மழை வரையில் அவ்வறையிலேயே கிடக்கிறது.

இந்தப் பொறுமைதான் உழவரை ஏமாற்றுகிறது. ஆவணியில் பயிர் வாடும்போது நீர் போதவில்லை என்று எண்ணுகிறோம். செடியைப் பற்றி இழுத்தால் வேரின்றிக் கையோடு வந்துவிடுகிறது. அப்போது புழு முதிர்ந்துவிட்டது. தெளிக்கும் மருந்தும் அதனிடம் எளிதில் சென்று சேர்வதில்லை. ஒருகாலத்தில் பி.எச்.சி. என்னும் நச்சுத்தூளை வயல்களில் வாரி இறைத்தனர். அதன் எச்சம் மண்ணிலும் உணவிலும் நெடுங்காலம் தங்குவது கண்டு, 1997-ஆம் ஆண்டில் இந்திய அரசு அதனைத் தடை செய்தது.

புழுவுக்கு மண்ணுக்குள்ளேயே பகைவர் உளர். ருஷ்ய அறிஞர் மெச்னிகோவ் 1879-இலேயே வண்டின் புழுக்களைக் கொல்லும் ஒரு பூஞ்சணத்தைப் பற்றி எழுதினார். நம் நாட்டில், கோயமுத்தூரில் கிடைத்த ஒரு நுண்ணிய நூற்புழுவை 1992-இல் அறிஞர்கள் புதிய இனமாக விவரித்து, ஹெட்டிரோராப்டைட்டிஸ் இண்டிகா எனப் பெயரிட்டனர். அது வேர்ப்புழுவின் உடலுக்குள் நுழைந்து, தன் குடலில் சுமந்து வந்த நுண்ணுயிரை அங்கே விடுகிறது. வேர்ப்புழு மடிகிறது, நூற்புழு அவ்வுடலிலேயே பெருகி வெளிவருகிறது. இந்நூற்புழுவைத் தூள் வடிவில் உழவர்க்குக் கிடைக்கச் செய்த பணியில், பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் முன்னின்றது. தமிழ் மண்ணில் கண்ட உயிர் கன்னட மண்ணில் மருந்தாயிற்று. ஆனால் ஈரமுள்ள நிலத்தில், வெயில் தாழ்ந்த நேரத்தில் இட்டால்தான் அது பயன் தரும்.

எனினும் எளிய வழி ஒன்றுண்டு. முதல் மழை பெய்த மாலைகளில் மரக்கிளைகளை உலுக்கி, விழும் வண்டுகளைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த நீரில் இடுவதே அது. அறுவடைக்குப் பின் ஆழ உழுதால் வெளிப்படும் புழுக்களைக் காகமும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். மக்காத எருவை வயலில் கொட்டலாகாது. இவற்றை ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. அடுத்த வயலின் வேப்பமரத்திலிருந்து வண்டு வந்துவிடும். ஊரே ஒன்றுகூடிச் செய்ய வேண்டிய வேலை இது.

இங்கேதான் நமக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலம் வந்துவிட்ட நம்மில் பலருக்குச் சொந்த ஊரில் ஓரிரு ஏக்கர் நிலம் உண்டு. அது உழுவாரின்றித் தரிசாகக் கிடக்கிறது; வரப்பில் வேம்பும் நிற்கிறது. வேர்ப்புழுவுக்கு அதைவிட அமைதியான குடியிருப்பு வேறில்லை. அங்கே பெருகும் வண்டு நம்மைத் தேடிப் பெங்களூர் வருவதில்லை. பக்கத்து வயல்காரரின் கடலைக்குத்தான் போகிறது. ஆகையால் ஆண்டுக்கொருமுறையேனும் அந்நிலத்தை உழச் செய்வோம். ஊரார் வண்டு பிடிக்கும் மாலைகளில் நம் வரப்பு மரங்களையும் உலுக்கிக்கொள்ளும்படி இன்றே ஒரு சொல் சொல்லி அனுப்புவோம்.