வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டும் கைக்கருவிகள்

(திருப்பரங்குன்றம் வட்டாரக் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்களுக்கு நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



வீட்டுத் தோட்டத்தைப் பற்றிப் பேசுவோர் விதையைப் பற்றியும் எருவைப் பற்றியும் விரிவாகப் பேசுவர். மண்ணைக் கிளறும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தையும் கூறுவதில்லை. மண்வெட்டி யார் வீட்டில் இல்லை என்று எண்ணியே அதை விட்டுவிடுகின்றனர். மண்வெட்டி எல்லார் வீட்டிலும் இருப்பது மெய்யே. அது யாருடைய கைக்கு ஏற்றதாயிருக்கிறது என்பதே கேள்வி. வயலில் வாய்க்கால் வெட்டுவதற்காக ஆடவர் வாங்கிய கனத்த மண்வெட்டி வீட்டின் பின்புறச் சுவரில் சாத்திக் கிடக்கிறது. கீரைப் பாத்தி கொத்துபவளோ அவ்வீட்டு ஸ்திரீ. அதைத் தூக்கிப் பத்துத் தரம் போடுவதற்குள் அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்கிறது. மறுநாள் பாத்தி அப்படியே கிடக்கிறது. இரண்டு வாரம் சென்றால் அங்கே கோரை முளைத்துவிடுகிறது. தோட்டம் கெட்டதற்கு மண்ணைக் குறை கூறுகின்றனர், தண்ணீரைக் குறை கூறுகின்றனர். கருவியை ஒருவரும் குறை கூறுவதில்லை. கருவி வாங்குகிறவர் ஒருவரும் அதைப் பிடித்து வேலை செய்கிறவர் மற்றொருவருமாக இருப்பதே இக்கேட்டிற்கு வேர்.

இது அற்ப விஷயம் அன்று. குன்னூரிலிருந்த போஷணை ஆராய்ச்சிச் சாலையின் தலைவராயிருந்த டாக்டர் ஐக்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களை அளந்து 1937ஆம் வருஷத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதன் பட்டியல்களைப் பார்த்தோர் ஒரு செய்தியைக் கண்டுகொண்டனர்: விலை கொடுத்து வாங்கும் பல பண்டங்களைக் காட்டிலும், கொல்லையில் முளைக்கும் முருங்கைக் கீரையிலும் அகத்திக் கீரையிலும் கண்ணுக்கு வேண்டிய சத்து மிகுதியாக இருக்கிறது. குழந்தைகளுக்கு மாலைக்கண் வருவது அச்சத்துக் குறைவினால்தான். ஆகவே, பாத்தி கொத்தப்படாமல் கிடப்பது ஒரு கொல்லையின் நஷ்டம் மட்டுமன்று. அந்த ஆராய்ச்சிச் சாலை 1958இல் ஹைதராபாதுக்குப் போய்விட்டது. அது சொன்ன விஷயம் இங்கேயே இருக்கிறது.

இனி மண்ணைப் பார்ப்போம். திருப்பரங்குன்றத்து மலையடியில் உள்ளது செம்மண். அதில் பாறைச் சில்லும் சரளையும் கலந்திருக்கும். தென்கால் கண்மாய், நிலையூர்க் கண்மாய் ஆகியவற்றின் பாசனப் பக்கத்து மண் வேறு. அது களிப்பும் வண்டலும் சேர்ந்தது. திருமங்கலம் பக்கம் போனால் கரிசல். சரளை மண்ணில் கருவியின் வாய் கல்லில் மோதும். ஆகையால் அளவுக்கு மிஞ்சிக் கெட்டியாகத் தோய்த்த எஃகு அங்கே பொரிந்து உதிரும். களிமண்ணிலோ மண் அலகில் அப்பிக்கொள்ளும். தேய்த்துப் பளபளப்பாக வைத்த மெல்லிய அலகே அங்கு நன்றாக ஓடும். ஒரே கடையில் ஒரே அச்சில் செய்த மண்வெட்டி இரண்டு மண்ணுக்கும் சமமாகப் பொருந்தும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

தோட்டம் தொடங்கும் குடும்பத்துக்கு எத்தனை கருவிகள் வேண்டும்? கடைக்காரரைக் கேட்டால் பன்னிரண்டு சொல்லுவார். உண்மையில் சொந்தமாக இருக்க வேண்டியவை மூன்றே: ஒரு மண்வெட்டி, ஒரு களைக்கொத்து, ஒரு பண்ணரிவாள். தண்ணீர் ஊற்றப் பூவாளி இருப்பது நல்லது. இல்லாவிடில், அடியில் சிறு துளைகள் இட்ட பழைய தகர டப்பாவும் போதும். எருவும் மண்ணும் சுமக்கக் கூடை ஒன்று எவ்வீட்டிலும் உண்டு. கடப்பாரை, கோடரி, நீண்ட தொரட்டி, மருந்து தெளிக்கும் கருவி ஆகியவை வருஷத்தில் சில நாட்களுக்கே வேண்டியவை. அவற்றைச் சொந்தமாக வாங்குவது பணத்தைச் சுவரில் சாத்தி வைப்பதாகும்.

மண்வெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மதுரைப் பக்கத்தில் மம்பட்டி என்று வழங்கும் இக்கருவியின் பெயர், வெள்ளைக்காரர் காலத்து மராமத்து இலாகாக் காகிதங்களில் இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே ஏறிவிட்டது. அவர்கள் நாட்டு மண்வெட்டி காலால் மிதித்துக் குத்துவது, நம் நாட்டுடையது கையால் ஓங்கி இழுப்பது என்ற வித்தியாசத்தை அவர்களும் கண்டிருக்க வேண்டும். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கனம். அலகு மட்டும் இரண்டு கிலோவுக்கு மேற்பட்டால் அது வாய்க்கால் வேலைக்கு உரியது. பாத்தி வேலைக்கு ஒன்று அல்லது ஒன்றேகால் கிலோ போதும். இரண்டாவதாக, அலகைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு கல்லால் தட்ட வேண்டும். மணிபோல் ஒலித்தால் இரும்பு முழுமையாயிருக்கிறது. பொத்தென்று ஒலித்தால் எங்கோ வெடிப்போ, பற்றாத ஒட்டோ உண்டு. மூன்றாவதாக, ஓர் அரத்தை வாயின் மேல் ஒரு தரம் ஓட்ட வேண்டும். அரம் வழுக்கினால் தோய்ச்சல் அதிகம்; வெண்ணெயில் ஓடுவதுபோல் ஓடினால் தோய்ச்சலே இல்லை. சிறிது தடுத்துச் சிறிது பிடிக்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் இம்மூன்றையும் செய்து பார்த்தே வாங்குதல் வேண்டும். சாயம் பூசிய அலகைக் கண்டு மயங்குவோர் பலர். சாயம் வெடிப்பை மறைக்கவும் உதவும்.

இயந்திரத்தில் அழுத்திச் செய்த மண்வெட்டி இப்போது எங்கும் கிடைக்கிறது, விலையும் மலிவு. அதைத் தாழ்வாகச் சொல்வதற்கில்லை. ஆயினும் அதன் வாய் தேய்ந்தால் அதன் காலம் முடிந்தது. கொல்லர் உலையில் செய்ததற்கோ தேய்ந்த வாயில் புதிய எஃகு வைத்து அடிக்கலாம். ஒரு மண்வெட்டி இவ்விதம் பல வருஷம் உழைக்கும். மதுரைக்குக் கிழக்கே திருப்பாச்சேத்தியின் அரிவாள் பெயர்பெற்றது. அவ்வூர் போன்ற இடங்களில் கொல்லர்கள் பழைய லாரிகளின் வில்பட்டையைக் காய்ச்சி அடித்து அலகாக்குகின்றனர். அந்த எஃகு பாரம் தாங்கி வளைந்து நிமிர்வதற்கென்றே செய்யப்பட்டதாகையால் கல்லில் மோதினாலும் எளிதில் பொரியாது. இவ்வூர்ச் சரளை மண்ணுக்கு இதைவிடத் தகுந்தது காண்பது அரிது. அரிவாள் என்றாலே சண்டையை நினைப்போர் உண்டு. அவ்வூர்ப் பட்டறைகளில் கதிரறுக்கவும் விறகு வெட்டவும் இளநீர் சீவவும் கருவிகள் செய்யப்படுவதையும் நினைக்க வேண்டும்.

கணைக்குக் கருவேலங் கொம்பே உத்தமம். மரத்தின் ரேகை நுனி முதல் அடி வரை நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடும் கொம்பு என்றைக்காவது ஒரு நாள் ஓங்கிய கையிலேயே முறியும். பச்சைக் கொம்பைச் செருகினால் அது காய்ந்து சுருங்கி அலகு கழன்று பறக்கும். ஆடும் அலகைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது அந்த நேரத்துக்கே பயன்படும். காய்ந்தவுடன் முன்னிலும் தளர்ந்துவிடும். உலர்ந்த மரத்தில் ஆப்பு அறைவதே முறை. கணையின் நீளம் பிடிப்பவரின் உயரத்தைப் பொறுத்தது. குட்டைக் கணையைக் கொண்டு உயரமானவர் வேலை செய்தால் இடுப்பு முழுவதும் மடிகிறது. அரையடி கூட்டினால் அந்த வலியில் பெரும்பகுதி நீங்கும். அரையடி மரத்துக்கு என்ன கிரயம்?

களையெடுப்பு முழுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. உள்ளங்கை அளவுள்ள களைக்கொத்துடன் குத்துக்காலிட்டு நாழிகைக் கணக்காக அவர்கள் நகர்கின்றனர். பாத்திக்குள் செடிக்கு நெருங்கிய களைக்கு அச்சிறு கருவி வேண்டியதே. ஆனால் வரிசைகளுக்கு இடையிலுள்ள களையை நின்றபடியே சுரண்டி எடுக்க நெடுங்காம்புக் களைவெட்டிகள் வந்திருக்கின்றன. முன்னே ஒரு சிறு சக்கரமும் பின்னே ஓர் அலகும் கொண்டவை அவை. தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் அத்தகையவற்றைச் செய்து பரப்பியுள்ளனர். வெண்டையையும் கத்தரியையும் வரிசை பிடித்து நட்டால்தான் அது ஓடும். வாரி இறைத்த கீரைப் பாத்தியில் ஓடாது. எக்கருவியானாலும், வாங்குமுன் அதைப் பிடிக்கப்போகும் பெண்ணின் கையில் கொடுத்து நாலு தரம் ஓட்டிப் பார்க்கச் சொல்வது முக்கியம். சந்தைக்கு அவள் வர இயலாவிட்டால், அவளுடைய பழைய கருவியின் காம்பையாவது அளவுக்கு எடுத்துச் செல்லலாம்.

இவ்விடத்தில் சங்கத்தின் கடமை வருகிறது. 1904ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடம் தந்தது. பொருள் வாங்கவும் விற்கவும் சங்கம் சேரலாம் என்பது 1912ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்டது. ஆயினும் கருவிக்குக் கடன் கொடுப்பதோடு நின்றுவிடும் சங்கங்கள் பல. கருவியையே சேர்ந்து வாங்கும் சங்கங்கள் சில. முப்பது குடும்பங்கள் உள்ள ஒரு சங்கத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். முருங்கைப் போத்து நடவும், வாழைக்குக் குழி எடுக்கவும், பந்தற்கால் ஊன்றவும் ஒரு குடும்பத்துக்குக் கடப்பாரை வருஷத்தில் நாலு நாள் தேவை என்றால் மொத்தம் நூற்றிருபது நாள். ஒரு கடப்பாரையே போதும் என்று இக்கணக்குச் சொல்லும். ஆனால் மழை பெய்த மறுவாரம் எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்பர். ஆகையால் நாலு வாங்குவது தகும். முப்பது வாங்க வேண்டிய இடத்தில் நாலு. மிச்சப்படும் பணத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் நல்ல களைக்கொத்து ஒன்றை உலையில் சொல்லிச் செய்விக்கலாம். முப்பது களைக்கொத்துக்கு மொத்தமாக அச்சாரம் தருகிறவர்களுக்குக் கொல்லர் நல்ல எஃகு வைப்பார். ஒன்று கேட்பவருக்கு இருப்பதைக் கொடுப்பார்.

பொதுக் கருவி ஒருவருடையதும் அன்று என்ற நினைப்பே அதைக் கெடுக்கிறது. ஒவ்வொன்றிலும் உளியால் எண் கொத்தி, ஒரு நோட்டில் கொண்டுபோன தேதி, திரும்பிய தேதி, திரும்பியபோது இருந்த நிலை மூன்றையும் எழுதுதல் வேண்டும். சிறு வாடகை அவசியம். வாடகையில்லாத கடப்பாரை கொண்டுபோனவர் வீட்டிலேயே தங்கிவிடும். பஞ்சாயத்தாரின் உறவினர்க்கு முறை முந்துகிறது என்ற பேச்சு ஒரு தரம் எழுந்தால் கருவிக் கொட்டகையையே மூடவேண்டி வரும். ஆகவே நோட்டை யாரும் பார்க்கும் இடத்தில் வைப்பது நலம்.

உபயோகிக்கும் முறை பற்றிச் சில சொற்கள். ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கினால் உருண்டையாக வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அப்பதத்தில் கொத்துவதே எளிது. உதிராத ஈரத்தில் கொத்திய களிமண் காய்ந்து செங்கல்லாகிவிடும். மண்வெட்டியைத் தலைக்கு மேல் ஓங்குவது வீண். தோளளவு தூக்கி அதன் கனத்தாலேயே விழவிட்டால் போதும். கால்களை அகற்றி, முன்னங்கால் அலகின் பாதைக்கு வெளியே இருக்கும்படி நிற்க வேண்டும். கால் விரலில் பட்ட வெட்டைப் புகையிலையாலும் சாணத்தாலும் கட்டும் வழக்கம் முற்றிலும் ஒழிய வேண்டும். ரணஜன்னி துருவினால் வருவதென்று பலர் நினைக்கின்றனர். அதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. சோப்பும் நீரும் விட்டுக் காயத்தைக் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று ஊசி போட வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒரு பிடி மணலும் தேங்காய் நாரும் கொண்டு அலகைத் தேய்த்துத் துடைத்து, வேப்பெண்ணெய் தடவினால் துரு ஏறாது. நாள்தோறும் இரண்டு நிமிஷம் செல்லும். ஆயுத பூஜையன்று மட்டும் குளிப்பாட்டிச் சந்தனம் இடப்பெறும் கருவிகள் மற்ற நாளெல்லாம் கொல்லையில் நனைந்து கிடப்பது விசித்திரமே. அரிவாளை எறவானத்தில் செருகும் வழக்கம் நல்லது. வாய் உட்புறமாகவும் குழந்தைக்கு எட்டாமலும் இருக்க வேண்டும். அரம் போடுவதானால் ஒரு பக்கமாகவே போட்டு, மறுபக்கத்துப் பிசிரை மட்டும் நீக்குதல் போதும்.

ஆடிப்பட்டத்துக்கு வேண்டிய கணைகளுக்குத் தை மாதத்திலேயே கொம்பு வெட்டி, பட்டை சீவி, இரு முனைகளிலும் சாணம் அப்பி, வெயில் படாமல் சங்கக் கொட்டகையின் உத்தரத்தின் மேல் அடுக்கிவைக்க வேண்டும். முனைகளை மூடாவிட்டால் அவ்விடங்களில் வெடிப்பு ஓடிவிடும். முப்பது வீட்டுக்கு நாற்பது கொம்பு வெட்டுவது நல்லது. காய்ந்தபின் பத்தாவது கழிந்துபோகும்.