பள்ளியை முடித்த பிள்ளைக்கு எந்த வழி?

(பழனி ஊராட்சி ஒன்றியத்துக் கிராமங்களின் பெற்றோரும் மாணவரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வட்டார வளர்ச்சி அலுவலர் ஊருக்கு வந்தால் சாலையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் பேசுவார் என்றுதான் மக்கள் எதிர்பார்க்கிறார்கள். அது நியாயமே. ஆனால் 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் இந்நாட்டில் தொடங்கப்பட்டபோது, கிராமத்தின் வயலும் கிணறும் போலவே கிராமத்து மனிதனின் அறிவும் திறமையும் வளர வேண்டும் என்பதே அதன் நோக்கமாயிருந்தது. அந்த உரிமையைக் கொண்டு இன்று உங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் என்னுடைய பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த சமயத்தில், கொய்யாத் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்யும் ஒரு விவசாயி என்னிடம் வந்தார். கூடவே மகனும் வந்திருந்தான். பையன் தேறிவிட்டான்; மதிப்பெண்கள் சுமார். “ஐயா, இவனை என்ன படிக்க வைக்கலாம்? நீங்கள் படித்தவர்கள், சொல்லுங்கள்” என்றார். கோப்புகள் மேஜை மேல் குவிந்திருந்த நேரம் அது. “பிளஸ் டூ படிக்க வையுங்கள், பிறகு ஒரு பட்டம் வாங்கட்டும், பட்டம் இல்லாதவனுக்கு இக்காலத்தில் மதிப்பில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பையன் தோட்டத்து மோட்டாரைத் தானே கழற்றிப் பழுது பார்த்துத் திரும்பப் பூட்டுகிறவன் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவன் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தான்.

பையன் என் சொற்படி மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். எப்படியோ தேறினான். ஒரு கல்லூரியில் அவனுக்குச் சற்றும் பிடிக்காத பாடத்தில் இடம் கிடைத்தது. இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டான். தைப்பூசக் கூட்டத்தில் அந்த விவசாயியை மீண்டும் கண்டபோது அவர் என்னைக் குறை கூறவில்லை. எப்போதும் போலக் கைகூப்பினார். “பையன் எப்படி இருக்கிறான்?” என்று கேட்டேன். “ஒரு கடையில் சாமான் சுமக்கிறானுங்க” என்றார். அந்தக் கைகூப்பு இன்றும் என்னை உறுத்துகிறது.

இதில் என் தவறு பட்டப் படிப்பைப் போற்றியதன்று. நானும் பட்டதாரிதான்; அதனால் பெற்ற நன்மையை மறுக்கமாட்டேன். எல்லாக் காலுக்கும் ஒரே செருப்பைத் தைத்துக் கொடுத்ததே தவறு. நம்மில் பலரும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை பொறியியல் படித்தால் நம் பிள்ளையும் பொறியியல் படிக்க வேண்டும். அதற்காக நிலத்தை அடமானம் வைக்கவும் துணிகிறோம். தொழிற்பயிற்சி நிலையம் என்றால் மட்டும், படிப்பு வராதவர்கள் போகும் இடம் என்று முகம் சுளிக்கிறோம்.

நம் பழனி மலையையே பாருங்கள். 1966ஆம் ஆண்டு முதல் இழுவை ரயில் மலையேறுகிறது. 2004ஆம் ஆண்டு முதல் கம்பிவட ஊர்தி ஓடுகிறது. ஆண்டுதோறும் கம்பிவட ஊர்தியைச் சில வாரங்கள் நிறுத்திவைத்து, வடத்தையும் உருளைகளையும் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். முதியவர்களும் குழந்தைகளும் அந்தரத்தில் அச்சமின்றிச் செல்வது யாருடைய கைத்திறமையை நம்பி? மின்பணியாளரும் பொருத்துநரும் செய்யும் வேலையை நம்பித்தானே!

தொழிற்பயிற்சி நிலையங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனெனில் நம் பெற்றோர் மிகக் குறைவாக அறிந்திருப்பது இதைத்தான். வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேறியவர்களும், எலக்ட்ரீஷியன், பிட்டர் போன்ற ஈராண்டுப் பிரிவுகளில் பத்தாம் வகுப்புத் தேறியவர்களும் சேரலாம். அரசு நிலையங்களில் படிக்கும்போதே மாதந்தோறும் 750 ரூபாய் உதவித்தொகையும், பேருந்துச் சலுகையும், மிதிவண்டியும், சீருடையும், பாட நூல்களும் உண்டு. 71 அரசு நிலையங்களைப் புதிய எந்திரங்களுடன் தொழில் 4.0 மையங்களாக உயர்த்தும் 2,877 கோடி ரூபாய்த் திட்டம் 2023ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பழைய கடைசல் எந்திரமும் அரமும் மட்டுமே அங்கு இருக்கும் என்று எண்ணியிருப்பவர்கள் ஒரு முறை நேரில் சென்று பார்க்க வேண்டும்.

அங்கே சேர்ந்தால் மேற்படிப்பு அத்துடன் அடைபட்டுவிடும் என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. அது வீண் அச்சம். தொழிற்பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக் பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியிலும் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். பழனியிலேயே திருக்கோயில் தேவஸ்தானத்தின் பாலிடெக்னிக் இருக்கிறது. அதன் கலைக் கல்லூரியும், சின்னக்கலையம்புத்தூரில் பெண்களுக்கெனத் தனிக் கல்லூரியும் இருக்கின்றன. வீட்டுச் சாப்பாட்டோடு சென்று படித்துத் திரும்பக்கூடிய இவற்றை விட்டுவிட்டு, விளம்பரத்தை நம்பித் தொலைதூரக் கல்லூரிக்கு ஓடுவானேன்?

அடுத்து அரசாங்க உத்தியோகம். இவ்வட்டாரத்தில் அதன்மீது மோகம் அதிகம். அதற்குக் காரணமும் உண்டு. நம் ஆயக்குடியில் மக்கள் மன்றம் நடத்தும் இலவசப் பயிற்சி வகுப்புகளை அறியாதவர் உண்டா? வார விடுமுறை நாட்களில் வெளி மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் மூட்டை முடிச்சுடன் அங்கு வந்து, தரையில் அமர்ந்து படிக்கிறார்கள். காசு வாங்காமல் அறிவைத் தரும் அந்தப் பணியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். எனினும் கணக்கை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். 2024 ஜூன் மாதம் நடந்த தொகுதி 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. தேர்வு எழுதியவர்களோ 15 லட்சத்துக்கும் மேல். பின்னர் இடங்கள் ஒன்பதாயிரத்துக்கு மேல் உயர்த்தப்பட்டன. அப்போதும் நூற்றைம்பது பேருக்கு ஒருவருக்குக்கூட வேலை இல்லை. ஆகவே எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புத் தகுதியே போதும் என்பதாலும், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு என்பதாலும், நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற தேர்வுதான் அது. ஆனால் கையில் ஒரு தொழிலையோ படிப்பையோ வைத்துக்கொண்டு எழுதுங்கள். வேறொன்றும் செய்யாமல் ஐந்தாறு ஆண்டுகள் தேர்வு மட்டுமே எழுதிக்கொண்டிருந்து, முப்பதாவது வயதில் வெறுங்கையுடன் நிற்கும் இளைஞர்களை நான் அறிவேன். அவர்கள் சோம்பேறிகள் அல்லர், அதுதான் வேதனை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தாய்மார்களிடம் சில வார்த்தைகள். நம் மாவட்டத்து நூற்பாலைகளுக்குச் சிறு வயதிலேயே பெண்களை அனுப்பி, மூன்று ஆண்டுகள் முடிவில் கிடைக்கும் தொகையைக் கல்யாணத்துக்கென்று எண்ணிக்கொண்டிருந்த குடும்பங்கள் உண்டு. அந்த வறுமையை நான் இகழமாட்டேன். ஆனால் 2022 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், உயர் கல்வியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. 2024 ஆகஸ்டு முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் ஆண் பிள்ளைகளுக்கும் அவ்வாறே தருகிறது. தொழிற்பயிற்சியில் சேர்ந்தாலும் இது பொருந்தும். அந்தப் பணம் பெண்ணின் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் உரியது. தயவுசெய்து வீட்டுச் சீட்டுக்குக் கட்டிவிடாதீர்கள். (இதைச் சொன்னவுடன் முன்வரிசையில் சிலர் சிரிப்பதைப் பார்க்கிறேன்.)

அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020ஆம் ஆண்டிலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021ஆம் ஆண்டிலும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது இதற்கும் நிபந்தனை. இடையில் ஓராண்டு ஆங்கிலப் பள்ளி மோகத்தால் பிள்ளையை மாற்றிவிட்டு, பிறகு வந்து வருந்திய பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம் அற்பமாகத் தோன்றும். ஆனால் இதனால் கெட்ட வாய்ப்புகளே அதிகம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதாருடன் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவை தேர்வு முடிவு வருமுன்பே கையில் இருக்க வேண்டும். முடிவு வந்த பிறகு எல்லோரும் ஒரே வேளையில் இ-சேவை மையத்தில் கூடுகிறார்கள். தந்தை பெயரில் ஒரு எழுத்து ஆதாரில் ஒருவிதமாகவும் மாற்றுச் சான்றிதழில் வேறுவிதமாகவும் இருப்பதால் விண்ணப்பம் திரும்பி வருகிறது. அதைத் திருத்துவதற்குள் கடைசித் தேதி போய்விடுகிறது. எழுத்துப் பிழைக்கு ஓராண்டு விலை மிக அதிகம். பொங்கல் விடுமுறையிலேயே இந்தக் காகிதங்களை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

படிப்பு விஷயத்தில் ஐயம் எழுந்தால் 14417 என்ற எண்ணைத் தொலைபேசியில் அழைக்கலாம். 2022 மார்ச் முதல் நடைபெறும் நான் முதல்வன் திட்டத்தின்கீழ்ப் பள்ளியிலேயே வழிகாட்டுதல் உண்டு, ஆசிரியரிடம் கேளுங்கள். என் அலுவலகத்துக்கும் வரலாம். ஆனால் பிள்ளையை உடன் அழைத்து வாருங்கள். இப்போது நான் முதலில் அவனிடம்தான் பேசுவேன்.

நான் சொன்ன அந்தக் கொய்யாத் தோட்டத்துப் பையன் இப்போது அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஆண்களுக்கு நாற்பது வயது வரை சேர இடமுண்டு என்ற விதி அவனைக் காப்பாற்றியது, நான் காப்பாற்றவில்லை. வகுப்பில் தன்னைவிட வயதில் இளையவர்களோடு அமர முதலில் கூசினானாம். இழந்த ஆண்டுகள் இழந்தவைதான்.

இனித் தலைமையாசிரியர் இவ்வாண்டு சேர்க்கைத் தேதிகளைப் பற்றிச் சொல்வார். அதன்பின் கேள்விகளுக்கு இடமுண்டு. பெரியவர்கள் சற்றுப் பொறுங்கள். முதலில் மாணவர்கள் கேட்கட்டும்.