ஏவியதைக் காப்பதே பெருமை!



‘ராக்கெட் ஏவுவதுதான் பெருமை’ என்று எதிரணித் தம்பி முழங்கிவிட்டுப் போனார். நான் கேட்கிறேன்... பிள்ளையைப் பெற்றால் மட்டும் போதுமா? அவன் பள்ளிக்கூடம் போனானா, சினிமாக் கொட்டகைக்குப் போனானா என்று பார்ப்பவன்தானே அப்பன்! (சிரிப்பு)

1957 அக்டோபர் 4. ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது. உலகமே அண்ணாந்து பார்த்தது. எங்கே போகிறது, எப்போது திரும்ப வரும்? அமெரிக்காவில் ‘மூன்வாட்ச்’ என்று ஒரு படை. எல்லாரும் தன்னார்வலர்கள்! அந்திக் கருக்கலிலும் விடியற்காலையிலும் சின்னத் தொலைநோக்கியோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். ஏன் அந்த நேரம்? கீழே இருட்டு, மேலே போகிற கோளின்மீது மட்டும் வெயில் படும்!

அடுத்து வந்தது பேக்கர்–நன் கேமரா. நட்சத்திரங்களுக்கு நடுவே கோளைப் படம்பிடித்து, இந்த நொடியில் இந்த இடம் என்று கணக்குச் சொல்லும். முதலில் உலகத்தில் 12 இடங்களில் வைத்தார்கள். அதில் ஒன்று நம் நைனிடால், 1958-இலேயே! அன்று அந்த வானாய்வகத்துக்குத் தலைமை வகித்தவர் வைணு பாப்பு. பின்னாளில் நம் ஜவ்வாது மலையில் வானாய்வகம் கண்டவரும் அவரே. அங்கேயே சோவியத் ஒத்துழைப்போடு இஸ்ரோ செயற்கைக்கோள் கண்காணிப்பு நிலையமும் அமைத்தது. அந்த ஊர் பேர் என்ன? காவலூர்! பேரிலேயே காவல் இருக்கிறதய்யா! (கைதட்டல்)

காவல் தவறினால் என்ன ஆகும்? 2009 பிப்ரவரி 10-இல் அமெரிக்காவின் இரிடியம் கோளும், செத்துக் கிடந்த ரஷ்யக் கோளும் மோதிச் சுக்குநூறாயின. இன்றைக்குக் கண்காணிப்பில் உள்ள பொருள்கள் மட்டும் 30,000-க்கு மேல். 2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3 நாலு நொடி தாமதமாகக் கிளம்பியதே, ஏன்? பாதையில் மோதல் அபாயம் இருக்கிறதென்று கண்காணித்தவர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஏவுகிறவர் கையைப் பிடித்து, ‘பொறு’ என்றவர் யார்? எங்கள் அணி! (பலத்த கைதட்டல்)

2024-இல் ஃபெஞ்சல் புயல் நம் விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டியதை மறப்போமா? புயலைக் காட்டுகிற கோள் எங்கே இருக்கிறதென்றே தெரியாவிட்டால், அன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது? மரக்காணம் மீனவருக்கு ‘கடலுக்குப் போகாதே’ என்று யார் சொல்வது?

ராஜகிரி உச்சியில் பீரங்கி இருந்தது, சரி. எதிரி எந்தத் திசையில் வருகிறான் என்று தெரியாதவனுக்குப் பீரங்கி எதற்கு? கோட்டை நின்றது காவலால்! ஆகவே நடுவர் அவர்களே, ஏவுவது ஒரு நாள் வீரம். கண்காணிப்பது ஓயாத தவம். அந்தத் தவத்துக்கே தீர்ப்பளியுங்கள் என்று கேட்டு அமைகிறேன்.