கை கழுவச் சொன்ன வைத்தியர்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் வைத்தியரைப் பற்றியதாகும். இவர் 1818-ல் ஹங்கேரி தேசத்துப் புடா நகரில் பிறந்தவர். இவர் புது மருந்து எதையும் கண்டுபிடித்தவரல்ல. வைத்தியர்களைப் பார்த்து, பிரசவம் பார்க்குமுன் கையைக் கழுவுங்கள் என்றார். அவ்வளவுதான். அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வியன்னா பொது ஆஸ்பத்திரியில் 2 பிரசவப் பகுதிகள் இருந்தன. முதல் பகுதியில் வைத்தியர்களும் மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். 1846-ம் வருஷத்தில் முதல் பகுதியில் 4,010 பிரசவங்களுக்கு 459 தாய்மார்கள் மாண்டார்கள். மருத்துவச்சிகள் பகுதியிலோ 3,754 பிரசவங்களுக்கு 105 பேர். பெரிய படிப்புப் படித்தவர்கள் கையில்தான் சாவு அதிகம்! முதல் பகுதி வேண்டாமென்று ஏழைப் பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள்.

காரணம் என்னவென்றால், காற்றில் விஷமென்றார்கள். அப்படியானால், ஒரே காற்றைச் சுவாசிக்கும் அடுத்த பகுதியில் ஏன் சாவு குறைவு? சாகிறவர்களுக்கு ஜெபம் செய்யப் பாதிரியார் மணியோசையுடன் முதல் பகுதி வழியாகப் போவதால், பெண்கள் பயந்து நோயில் விழுகிறார்கள் என்றும் ஒரு பேச்சு இருந்தது. செம்மல்வைஸ் இதையும் சோதித்துப் பார்த்தார். பாதிரியாரை மணியில்லாமல் வேறு வழியாகப் போகச் செய்தார். சாவு குறையவில்லை. அந்தக் காரணத்தைத் தள்ளிவிட்டார்.

1847-ல் அவருடைய நண்பர் கொல்லெட்ஷ்கா என்னும் பேராசிரியர், பிணம் அறுத்துச் சோதிக்கையில் மாணவனின் கத்தி விரலில் பட்டு இறந்தார். அவர் உடலில் கண்ட கோளாறு, பிரசவ ஜுரத்தில் மாண்ட தாய்மார்களிடம் கண்டதைப் போலவே இருந்தது. அப்பொழுதுதான் உண்மை விளங்கிற்று. வைத்தியர்களும் மாணவர்களும் பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. அவ்வருஷம் மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் எல்லோரும் கை கழுவ வேண்டுமென்று உத்தரவு போட்டார். 1848-ல் அதே முதல் பகுதியில் 3,556 பிரசவங்களுக்கு இறந்தவர்கள் 45 பேர்தான்!

தோழர்களே! இவ்வளவு பிரத்தியட்சமான கணக்கைக் கண்டும் பெரிய வைத்தியர்கள் பலர் ஒப்பவில்லை. ஒப்பினால், இத்தனை தாய்மார்களைக் கொன்றது தங்கள் கையே என்று ஒப்ப வேண்டுமே! 1849-ல் அவருடைய வேலை புதுப்பிக்கப்படவில்லை. அவரும் தம் முடிவை விரிவான புத்தகமாக வெளியிட 1861 வரையில் தாமதித்தார். மறுத்தவர்களைக் கொலைகாரர்களென்று கடுமையாகச் சாடினார். 1865-ல் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைக்கப்பட்டு, இரண்டு வாரத்துக்குள், காயத்தில் சீழ்பிடித்து ரத்தம் விஷமாகி, 47-வது வயதில் மாண்டார்.

1867-ல் லிஸ்டர் ரண சிகிச்சையில் கிருமிநாசினியின் பலனை வெளியிட்டார். 1879-ல் பாஸ்டர் பிரசவ ஜுரத்தின் கிருமியையே காட்டினார். 1969-ல் புடாபெஸ்ட் வைத்தியப் பல்கலைக்கழகத்துக்குச் செம்மல்வைஸ் பெயரே வைக்கப்பட்டது. ஆனால், இடையில் அனாவசியமாக மாண்ட தாய்மார்களுக்கு யார் ஜவாப் சொல்வது?

ஆகையால், ஒரு விஷயத்தைச் சொன்னவர் பெரியவரா, சிறியவரா என்று பார்க்காதீர்கள். கணக்கு என்ன, சோதித்ததில் கண்டதென்ன என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்க வருகிறவர் யாராயிருந்தாலும், முதலில் சோப்பும் தண்ணீரும் கொடுத்துக் கை கழுவச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.