கடலோரக் கிணற்றின் கணக்கு

அணுபுரத்துக்குக் கிழக்கே, சதுரங்கப்பட்டினம் முதல் மாமல்லபுரம் வரை, கடலோர மணலுக்கு அடியில் நிற்பது மழை தந்த நன்னீர். அதற்கும் கீழே கடலின் உப்புநீர். உப்புநீர் கனமானது, அதனால் நன்னீர் அதன்மேல், தண்ணீரில் எண்ணெய் போல, மிதக்கிறது.

இதில் ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும். மோட்டார் போட்டு இறைத்து அந்த ஓர் அடியை இழந்தால், உப்பு நாளடைவில் 40 அடி மேலேறிவிடும். ஆகவே, இன்னும் ஆழமாக போர் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை கடலோரத்தில் பலிக்காது. உப்பேறிய நிலத்தடி நீர் மீண்டும் இனிக்கப் பல ஆண்டு மழை வேண்டும்.

பாலாறு கடலில் கலக்கும் வயலூர் அருகே தடுப்பணை கட்டியது, ஆற்று நீரைத் தேக்கி உப்பைத் தள்ளி வைக்கத்தான். தமிழகத்தில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதும் நிலத்தடி நீரைப் பெருக்கத்தான்.

நாம் செய்ய வேண்டியவை இரண்டு. ஐப்பசி மழைக்கு முன்பே சேகரிப்புத் தொட்டியின் ஜல்லியையும் மணலையும் அள்ளிக் கழுவிப் போடுங்கள். மாதம் ஒருமுறை, கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கி, நீர்மட்டத்தை அளந்து காலண்டரில் குறியுங்கள். மட்டம் இறங்கினால் அந்த மாதமே இறைப்பைக் குறையுங்கள். வரவறிந்து செலவு செய்யும் வீட்டில் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை.